நோட்டுப் போட்டால் கால் நடக்கும்

(பட்டிமன்றத் தலைப்பு: பிள்ளைகளின் விளையாட்டுக்கும் உடற்பயிற்சிக்கும் கணக்கு எழுதி வைப்பது அவர்களுக்கு ஊக்கமா? சுமையா? ‘ஊக்கமே’ என்ற அணியில் மூன்றாவதாகப் பேசியது.)

வீட்டில் தொலைக்காட்சிக்கு முன்னால் சோபாவில் சாய்ந்து கிடந்துகொண்டு, ஓடி ஆடுவதைப் பற்றிய பட்டிமன்றத்தை அசையாமல் பார்த்துக்கொண்டிருக்கிற அன்பர்களே! (சிரிப்பு)

எனக்கு முன்னால் பேசிய அம்மா ஒரே ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டுப் போய் உட்கார்ந்துவிட்டார்கள். “பிள்ளைகள் கன்றுக்குட்டி மாதிரி. கன்றுக்குட்டி துள்ளுறதுக்கு எதுக்கய்யா கணக்கு நோட்டு?” என்றார்கள். கைதட்டலில் கூரை பிய்ந்தது. பொய் சொல்லக்கூடாது, நானும் தட்டினேன்.

கன்றுக்குட்டி துள்ளும், உண்மை. ஆனா அம்மா, அந்தக் கன்றுக்குட்டியைப் பிடிச்சுக் கொண்டுபோய் மூணாவது மாடியிலே ரெண்டு ரூம் வீட்டுக்குள்ளே கட்டுங்க. காலையிலே ஆட்டோவிலே ஏத்தி அனுப்புங்க. சாயந்தரம் ஆட்டோவிலேயே இறக்குங்க. இறங்கின உடனே டியூசனுக்கு விரட்டுங்க. ராத்திரி அது முன்னாலே ஒரு செல்போனைச் சாய்ச்சு வச்சு வைக்கோலை ஊட்டி விடுங்க. அதுக்கப்புறம் சொல்லுங்க, கன்றுக்குட்டி துள்ளுதான்னு. (கைதட்டல்)

துள்ளுகிற காலத்தில் யாரும் நோட்டுப் போடவில்லை. ஒத்துக்கொள்கிறேன். கிணற்றில் தண்ணீர் கிடந்த காலத்திலே மீட்டர் எதுக்கு? குழாயிலே ஒரு நாள் விட்டு ஒரு நாள் தண்ணி வர்ற காலத்திலேதான் எத்தனை குடம் பிடிச்சோம்னு எண்ண வேண்டியிருக்கு.

இன்னொன்றும் கேட்கிறேன். கணக்கு என்றால் பிள்ளைகளுக்குக் கசக்கும் என்று எதிரணி முடிவு கட்டிவிட்டது. கணக்கு இல்லாத விளையாட்டு நம்ம ஊரில் எது? கிட்டிப்புள் ஆடியிருக்கிறீர்களா? புள் போய் விழுந்த இடத்திலிருந்து குழி வரைக்கும் கோலைப் போட்டுப் போட்டு அளப்போம். ஒரு கோல் கூடிப் போச்சு, குறைஞ்சு போச்சுன்னு அங்கே நடந்த பஞ்சாயத்து கோர்ட்டிலே நடக்காது. சடுகுடுவிலே மூச்சே கணக்கு. பெண் பிள்ளைகள் கயிறு தாண்டுவதைப் பாருங்கள். ஒருத்தி தாண்டுவாள், நாலு பேர் சுற்றி நின்று எண்ணுவார்கள். தொண்ணூற்றெட்டு, தொண்ணூற்றொன்பதுன்னு வரும்போது கயிறு காலிலே தட்டிருச்சுன்னா கண்ணிலே தண்ணி வந்துரும். அவளை யார் எண்ணச் சொன்னது? எந்த வாத்தியார் சொன்னார்? எண்ணுவது பிள்ளைக்குச் சுமை இல்லை, நடுவர் அவர்களே. அது விளையாட்டுக்குள்ளேயே இருக்கிற ருசி.

பாரதியைத் துணைக்கு அழைத்தார் எதிரணித் தலைவர். பாப்பாவை விளையாடச் சொன்னாரே, நோட்டு எழுதச் சொன்னாரா என்று கேட்டார். ஐயா, அந்தப் பாட்டை அரையோடு நிறுத்திவிட்டீர்களே! அதே பாட்டிலேதான் காலையிலே என்ன, மாலையிலே என்ன என்று பாப்பாவுக்கு நேரம் பிரித்துக் கொடுத்து, இதை வழக்கமாக்கிக்கொள் என்கிறார். பாரதியே பாப்பாவுக்கு டைம் டேபிள் போட்டவர்தான். (கைதட்டல்)

சரி, நிலைமை எப்படி இருக்கிறது? ரெண்டே ரெண்டு எண் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறேன். 5 வயதிலிருந்து 17 வயது வரை உள்ள பிள்ளைகள் ஒரு நாளைக்குச் சராசரியாக 60 நிமிடம், மூச்சு வாங்குகிற மாதிரி ஓடி ஆட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020இல் சொன்னது. ஒரே மூச்சில் 60 நிமிடம் இல்லை. காலையில் பத்து, மத்தியானம் பத்து என்று சேர்த்தாலும் சரி. அதே நிறுவனத்தின் ஆராய்ச்சியாளர்கள் 146 நாடுகளின் கணக்கை எடுத்துப் பார்த்து 2019இல் வெளியிட்டார்கள். 2016ஆம் ஆண்டு நிலவரப்படி, பள்ளிக்கூடம் போகிற 11 முதல் 17 வயதுப் பிள்ளைகளில் நூற்றுக்கு 81 பேர் அந்த அளவைத் தொடவில்லை. பையன்களில் 78, பெண் பிள்ளைகளில் 85. இந்த 85 என்ற எண்ணுக்கு நான் பின்னால் திரும்பி வருவேன். மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது என் வீட்டுக்கு வாருங்கள்.

நான் தமிழ் வாத்தியார். என் மகனுக்கு அப்போது பத்து வயது. எங்க அம்மாவுக்கு அறுபத்தெட்டு, முட்டி வலிக்காரி. மூணு பேரும் திருச்சி மலைக்கோட்டைக்குப் போனோம். படி ஏறுகிறோம். அங்கே படிகள் பாறையைக் குடைந்து உள்ளுக்குள்ளேயே போகும், தெரியும் உங்களுக்கு. தாயுமானவர் சன்னதி வரைக்கும் எப்படியோ வந்துவிட்டோம். என் மகன் உட்கார்ந்துவிட்டான். “முடியலப்பா, நெஞ்சு அடைக்குது” என்றான். முகம் சிவந்து போச்சு. சட்டையெல்லாம் ஈரம். நான் என்ன செய்தேன்? பிள்ளைக்குத் துணையாக உட்கார்ந்தேன். ஊருக்குச் சொன்னது அது. உண்மை என்னவென்றால், எனக்கும் அதற்கு மேல் ஒரு படி ஏற முடியவில்லை. (சிரிப்பு)

எங்க அம்மா என்ன செய்தாள் தெரியுமா? எங்க ரெண்டு பேரையும் ஒரு பார்வை பார்த்தாள். சேலையைச் செருகினாள். ஒவ்வொரு படியாக் கையை ஊன்றி ஏறி, உச்சிப் பிள்ளையாரைப் பார்த்துவிட்டு, இறங்கி வந்து, பேரனுக்கும் மகனுக்கும் திருநீறு பூசிவிட்டாள். “மேலே காத்து நல்லா வருதுடா”ன்னா பாருங்க, அந்த ஒரு வார்த்தை இன்னைக்கும் உறுத்துது.

சிரித்துவிட்டோம், சரி. அடுத்த வாரம் ரத்தப் பரிசோதனைக்குப் போனேன். நாற்பத்தொரு வயதிலே எனக்குச் சர்க்கரை. எங்க அப்பாவுக்கு ஐம்பத்தைந்திலே வந்தது. டாக்டர் சீட்டை மடித்துக் கொடுத்துக்கொண்டே என் மகனைப் பார்த்தார். “உங்க அப்பாவைவிட உங்களுக்குப் பதினாலு வருஷம் முன்னாலே வந்திருக்கு. இவனுக்கு?” என்று கேட்டார். பதில் சொல்லவில்லை நான். 2023இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பெரிய ஆய்வு வந்ததே, இந்தியாவில் 10 கோடிக்கு மேற்பட்டவர்களுக்குச் சர்க்கரை நோய் என்று. அந்தப் பத்துக் கோடியில் நான் ஒருத்தன் என்பதை நான் தாங்கிக்கொள்வேன். பக்கத்திலே நின்ற அந்தப் பத்து வயசுப் பையனை நினைத்துத்தான் அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

மறுநாள் இருபது ரூபாய்க்கு ஒரு நோட்டு வாங்கினேன். “தம்பி, தினமும் எத்தனை நிமிஷம் ஓடியாடினேன்னு இதிலே எழுதுய்யா” என்றேன். அவன் கேட்டான், “நீங்களும் எழுதுவீங்களாப்பா?” மாட்டிக்கொண்டேன். ஸ்கேலை வைத்து நடுவிலே ஒரு கோடு போட்டான். இந்தப் பக்கம் ‘நான்’. அந்தப் பக்கம் ‘அப்பா’. (கைதட்டல்)

முதல் வாரம் முடிந்தது. அதுவரைக்கும் எங்க வீட்டிலே என்ன நம்பிக்கை? “எப்பப் பாத்தாலும் தெருவிலேதான் கிடக்கான்” என்பாள் அவன் அம்மா. நானும் ஒரு மணி நேரமாவது விளையாடுவான் என்றுதான் நினைத்திருந்தேன். ஏழு நாளும் கூட்டிப் பார்த்தால் 95 நிமிடம். ஒரு நாளைக்கு இல்லை, வாரத்துக்கு! தெருவிலே கிடந்தது உண்மை. திண்ணையிலே உட்கார்ந்து பக்கத்து வீட்டுப் பையன் போனிலே விளையாடுவதை எட்டிப் பார்த்துக்கொண்டு கிடந்திருக்கிறான். என் பக்கத்தைச் சொல்லவில்லையே என்று நடுவர் பார்க்கிறார். ஐயா, அதில் 40 நிமிடம். அதிலும் பாதி, பஸ்ஸைப் பிடிக்க ஓடியது. (சிரிப்பு)

இதற்குத்தான் நோட்டு. மனசு கணக்குப் போட்டா எப்பவும் நமக்குச் சாதகமாகத்தான் போடும். அந்தக் காலத்தில் பால்காரம்மா சுவரிலே கரிக்கோடு போட்டுவிட்டுப் போகும். மாசக் கடைசியிலே பாட்டி எண்ணுவாள். கோடு இல்லையென்றால், நீ முப்பது படி ஊற்றினேன் என்பாய், நான் இருபத்தைந்து என்பேன். ரெண்டு பேரும் பொய் சொல்லவில்லை, ரெண்டு பேருக்கும் ஞாபகம் அப்படி. சுவரிலே கோடு இருந்தால் சண்டை இல்லை.

உடம்பு அசைவதற்கும் ஆரோக்கியத்துக்கும் உள்ள உறவையே ஒருத்தர் எண்ணித்தான் கண்டுபிடித்தார். லண்டனில் ஜெரமி மோரிஸ் என்று ஒரு மருத்துவர். அங்கே ரெண்டு அடுக்கு பஸ். டிரைவர் நாள் முழுக்க உட்கார்ந்திருக்கிறார். கண்டக்டர் மாடிக்கும் கீழுக்கும் ஏறி இறங்குகிறார். ஒரே சம்பள வகுப்பு, ஒரே டிப்போ, ஒரே டீ. ஆனால் கண்டக்டர்களுக்கு மாரடைப்பு குறைவாக இருக்கிறது. 1953இல் அந்த ஆய்வு வெளியானது. கண்டக்டர்கள் ஒரு நாளைக்கு எத்தனை படி ஏறினார்கள் தெரியுமா? 500லிருந்து 750 வரை. யாரோ பஸ்ஸுக்குள் உட்கார்ந்து எண்ணாமல் இந்த எண் வந்திருக்குமா? நம்ம ஊர் டவுன் பஸ் கண்டக்டருக்கு மாடிப்படி இல்லை. ஆனால் தீபாவளிக் கூட்டத்துக்குள்ளே முன்வாசலுக்கும் பின்வாசலுக்கும் நீந்துகிறாரே, அதை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை. (சிரிப்பு)

இனி எதிரணி வைத்த வாதங்களுக்கு வருகிறேன். அவர்கள் சும்மா வரவில்லை, ஆயுதங்களோடுதான் வந்திருக்கிறார்கள்.

எதிரணித் தம்பி ஒரு அமெரிக்க ஆய்வைச் சொன்னார். 1973இல் வெளிவந்தது. படம் வரைய ஆசைப்படுகிற சின்னப் பிள்ளைகளிடம், “வரைந்தால் உனக்குப் பரிசுச் சான்றிதழ்” என்று முன்கூட்டியே சொல்லி வரையச் சொன்னார்கள். பிறகு பார்த்தால், பரிசு இல்லாத நேரத்தில் அந்தப் பிள்ளைகளுக்கு வரைகிற ஆசையே குறைந்துவிட்டது. உண்மைதான். ஆனால் தம்பி, மீதியையும் சொல்லியிருக்கலாமே. அதே ஆய்வில் இன்னொரு கூட்டத்துப் பிள்ளைகளுக்கு, முன்கூட்டி எதுவும் சொல்லாமல், வரைந்து முடித்த பிறகு அதே சான்றிதழைக் கொடுத்தார்கள். அவர்களுக்கு ஆசை குறையவில்லை! ஆக, ஆசையைக் கெடுத்தது எது? ‘இதைச் செய்தால் அது கிடைக்கும்’ என்ற பேரம். நாங்கள் பேரம் பேசச் சொல்லவில்லை. “ஆயிரம் நிமிஷம் ஓடினா சைக்கிள் வாங்கித் தர்றேன்” என்று சொல்கிற அப்பா எங்கள் அணியைச் சேர்ந்தவர் இல்லை. அவரை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். (கைதட்டல்)

அடுத்து, கையிலே கட்டுகிற கடிகாரம். 2017இல் இங்கிலாந்தில் 13, 14 வயதுப் பிள்ளைகளுக்கு அடி எண்ணுகிற கருவியைக் கட்டிவிட்டு 8 வாரம் பார்த்தார்கள். முதலில் போட்டி போட்டு நடந்தார்கள். பிறகு பலருக்குச் சலித்துவிட்டது. இலக்கைத் தொடாவிட்டால் குற்ற உணர்ச்சி, அழுத்தம். இதில் பாதியை நான் அப்படியே ஒத்துக்கொள்கிறேன், நடுவர் அவர்களே. எதிரணி இதைக் குறித்துக்கொள்ளட்டும். கருவியைக் கட்டிவிட்டு அப்பா அம்மா நகர்ந்துவிட்டால் அப்படித்தான் ஆகும். என் நண்பர் வீட்டிலே மகனுக்குக் கடிகாரம் கட்டிவிட்டார். தினமும் பதினைந்தாயிரம் அடி. அவருக்குப் பெருமை தாங்கவில்லை. ஒரு நாள் சீக்கிரம் வீட்டுக்குப் போயிருக்கிறார். பையன் கட்டிலிலே படுத்திருக்கிறான், கடிகாரம் நாய்க் கழுத்திலே ஓடுகிறது. (பலத்த சிரிப்பு) நாய்க்கு உடம்பு நல்லா இருக்காம்.

பத்தாயிரம் என்றவுடன் ஞாபகம் வருகிறது. நாளைக்குப் பத்தாயிரம் அடி என்று எல்லோரும் சாமி வாக்கு மாதிரி சொல்கிறார்களே, அது டாக்டர் சொன்னதில்லை. 1964இல் டோக்கியோவில் ஒலிம்பிக் நடந்தது. அதற்கடுத்த 1965இல் ஜப்பானில் ஒரு கம்பெனி இடுப்பில் கட்டுகிற அடி எண்ணும் கருவியை விற்றது. அதற்கு வைத்த பெயரின் பொருளே ‘பத்தாயிரம் அடி மீட்டர்’. வியாபாரத்துக்கு வைத்த பெயர். அதனாலே எண்ணைக் கும்பிடாதீர்கள் என்று எதிரணி சொன்னால் நானும் கூடச் சேர்ந்து சொல்வேன். ஆனால் எண்ணுவதே வீண் என்று சொல்லாதீர்கள். பெரியவர்களைப் பற்றி 2007இல் 26 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். அடி எண்ணும் கருவியைக் கட்டிக்கொண்டவர்கள் முன்னைவிடத் தினமும் சராசரியாக 2,000 அடிக்கு மேல் கூடுதலாக நடந்தார்கள்.

எதிரணித் தலைவர் கடைசியாகப் போட்ட குண்டு, அமெரிக்கப் பள்ளிக்கூடங்களின் உடல்தகுதித் தேர்வு. 1950களில் நடந்த ஒரு சோதனையில் அமெரிக்கப் பிள்ளைகளில் பாதிக்கு மேல் தோற்றுப்போனார்கள், ஐரோப்பியப் பிள்ளைகள் பத்துக்கும் குறைவான சதவீதம்தான் தோற்றார்கள். நாடே பதறியது. 1956இல் ஜனாதிபதி ஐசனோவர் இதற்கென்று ஒரு கவுன்சில் அமைத்தார். பிறகு 1966இல் ஜனாதிபதி விருது வந்தது. நூற்றுக்கு 85 பேரை முந்தினவனுக்குத்தான் விருது. மீதிப் பிள்ளைகள்? கம்பியைப் பிடித்துத் தொங்கி, ஒரு தடவைகூட மேலே வர முடியாமல், வகுப்பே பார்த்துக்கொண்டிருக்க, இறங்கி வந்தார்கள். 2012, 2013 வாக்கில் அந்தத் தேர்வைக் கைவிட்டார்கள். 2025இல் திரும்பக் கொண்டுவர உத்தரவு போட்டிருக்கிறார்கள், அது அவர்கள் பாடு. இந்த வலியைத் தலைவர் சொன்னபோது அரங்கம் அமைதியாக இருந்தது. எனக்கும் என் பள்ளிக்கூட நாட்கள் ஞாபகம் வந்தது. ஓட்டப் பந்தயத்தில் எப்பவும் கடைசி நான்தான்.

ஆனால் தலைவரே, அது கணக்கு நோட்டு இல்லை. ராங்க் கார்டு! ரெண்டும் ஒன்றா? ராங்க் கார்டு என்ன சொல்லும்? நீ அவனைவிடக் கீழே என்று சொல்லும். என் மகன் நோட்டு என்ன சொல்லும்? போன செவ்வாய்க்கிழமை 10, இந்தச் செவ்வாய்க்கிழமை 25 என்று சொல்லும். அங்கே வேறு யாரும் இல்லை. அவனும் அவனும்தான். ஆமா, பக்கத்துப் பத்தியிலே அப்பன் ஒருத்தன் இருக்கிறான். அவனை ஜெயிக்கிறதிலே எந்தப் பிள்ளைக்கும் சுமை கிடையாது. (கைதட்டல்)

எடையை அந்த நோட்டில் எழுத நான் விட்டதே இல்லை. பல வீடுகளில் இந்தத் தப்பு நடக்கிறது. உடற்பயிற்சிக் கணக்கு என்று ஆரம்பித்து, எத்தனை கிலோ குறைந்தான் என்பதில் போய் நிற்கிறார்கள். வளர்கிற பிள்ளை ஐயா, எடை ஏறத்தான் செய்யும். ஓடினது அவன் கையிலே இருக்கிறது, எடை அவன் கையிலே இல்லை. அவன் கையிலே இருக்கிறதை மட்டும் எழுதச் சொல்லுங்கள். பக்கத்திலே ஒரு சின்ன டிக். பேச முடிஞ்சது, ஆனா பாட்டுப் பாட முடியலை என்கிற அளவுக்கு மூச்சு வாங்கினா ஒரு டிக். ரெண்டு வார்த்தைக்கு மேலே பேசவே முடியலைன்னா ரெண்டு டிக். மருத்துவக் கருவி எதுவும் வேண்டாம். எழுதுகிறது பிள்ளையாகத்தான் இருக்கணும். நீங்க பேனாவை வாங்கினீங்கன்னா அந்த நிமிஷமே அது ஹோம் ஒர்க் ஆகிப்போகும்.

ஜப்பானைப் பாருங்கள். 1928இல் அங்கே வானொலியில் உடற்பயிற்சி நிகழ்ச்சி ஆரம்பித்தார்கள். போருக்குப் பின்னால் கொஞ்ச காலம் நின்று, 1951இல் திரும்ப வந்தது. காலை ஆறரை மணிக்குப் பியானோ வாசிப்பார்கள், தெருவிலே பூங்காவிலே கூடிக் கையைக் காலை நீட்டி மடக்குவார்கள். கோடை விடுமுறையில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் எல்லாம் தூக்கக் கலக்கத்தோடு வருவார்கள். கழுத்திலே கயிற்றிலே ஒரு அட்டை தொங்கும். பயிற்சி முடிந்ததும் அன்றைய தேதிக் கட்டத்தில் ஒரு பெரியவர் முத்திரை குத்துவார். அவ்வளவுதான். யார் நன்றாகக் குனிந்தான், யார் உயரமாகக் குதித்தான் என்று யாரும் கேட்பதில்லை. வந்தாயா? குத்து. பல தலைமுறை ஜப்பானியர்களின் கோடை விடுமுறை அந்த முத்திரை அட்டையோடு போயிருக்கிறது. இது சுமையாக இருந்திருந்தால் இத்தனை காலம் நின்றிருக்குமா?

நம்ம ஊருக்கும் இது புதுசு இல்லை. அங்கன்வாடியிலே பிள்ளையைத் தராசிலே தூக்கி வைத்து, எடை பார்த்து, அட்டையிலே புள்ளி வைப்பார்கள். அந்தக் கோடு மேலே போகிறதா என்று தாய் எட்டி எட்டிப் பார்ப்பாள். பிள்ளை பள்ளிக்கூடம் போனதும் அந்த அட்டை எங்கே போகிறது? அதற்குப் பிறகு மார்க் மட்டும்தான் கணக்கு. பி.டி. பீரியடைக் கணக்கு வாத்தியார் கடன் வாங்குவார். அந்தக் கடன் மட்டும் திரும்பி வந்ததாகச் சரித்திரமே இல்லை. (பலத்த கைதட்டல்)

இப்போது அந்த 85க்கு வருகிறேன்.

என் மகன் நோட்டு நன்றாகப் போனதைப் பார்த்துவிட்டு, என் ஏழாம் வகுப்பிலும் ஆரம்பித்தேன். முப்பத்தெட்டுப் பிள்ளைகள். ஒருத்தன் முதல் நாளே ‘கிரிக்கெட் 3 மணி நேரம்’ என்று எழுதியிருந்தான். “எவ்வளவு நேரம்டா ஓடினே?” என்றேன். யோசித்தான். “ஃபீல்டிங் சார். பந்து என் பக்கம் வரவே இல்லை” என்றான். அழித்துவிட்டுப் பத்து நிமிஷம் என்று போட்டான். நானாகச் சொல்லவில்லை, அவனே அழித்தான்.

ஒரு பெண் பிள்ளை ‘தண்ணி 8 குடம்’ என்று எழுதி, “இது சேருமா சார்?” என்று கேட்டது. எனக்குத் தெரியவில்லை. பி.டி. வாத்தியாரிடம் போனேன். “இடுப்பிலே குடத்தை வச்சுக்கிட்டு மாடி ஏறுறதுக்கு மேலே என்னய்யா பயிற்சி இருக்கு? எழுதச் சொல்லும்” என்றார். அது வரைக்கும் அந்த வேலைக்கு வீட்டிலே திட்டுத்தான் கிடைத்துக்கொண்டிருந்தது. “ஏண்டி லேட்டு” என்று. நோட்டிலே அதுக்கு ஒரு இடம் கிடைச்சது. பிள்ளை முகத்தை நீங்க பார்த்திருக்கணும்.

இன்னொரு பெண். கோ-கோ ஆடுவாள். மான் மாதிரி ஓடுவாள். நோட்டிலே 45, 50, 40 என்று வரிசையாகப் போகும். ஒரு பதினைந்து நாள் பள்ளிக்கூடம் வரவில்லை. திரும்பி வந்து நோட்டை நீட்டினாள். வராத நாட்களையும் எழுதியிருந்தாள். ஒவ்வொரு தேதிக்கும் நேரே 0. அடுத்த வாரமும் 0. கட்டத்தை வெறுமனே விடவில்லை, நடுவர் அவர்களே. தினமும் ராத்திரி நோட்டை எடுத்து, பேனாவைத் திறந்து, ஒரு பூஜ்யம் போட்டு மூடியிருக்கிறாள். “என்னம்மா இது?” என்றேன். தலையைக் குனிந்துகொண்டு, “அப்பத்தா இனிமே ஓடக்கூடாதுன்னு சொல்லிருச்சு சார்” என்றாள். எனக்குப் புரிந்துவிட்டது.

நான் ஆம்பளை, இதைப் பேச எனக்குத் தகுதி இல்லை என்று என் மனைவியையும் கூட்டிக்கொண்டு அந்த வீட்டுக்குப் போனேன். அப்பத்தா வாசலிலே வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தது. “வயசுக்கு வந்த புள்ளை, மைதானத்துல நாலு பேரு பாக்கக் குதிக்கலாமா வாத்தியாரே? நீங்களே சொல்லுங்க” என்றது. நான் ஒன்றும் சொல்லவில்லை. நோட்டைப் பிரித்துக் காட்டினேன். அப்பத்தாவுக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் அந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டு, “என்ன இது, வரிசையா முட்டை போட்டிருக்கு?” என்றது.

என் மனைவி கேட்டாள், “அப்பத்தா, நீங்க இந்த வயசிலே என்ன செஞ்சுக்கிட்டு இருந்தீங்க?”

“நானா? நடவுக்குப் போனேன். கருதறுக்கப் போனேன். விறகு சுமந்தேன்.” சொல்லிக்கொண்டே வந்த கிழவி அங்கேயே நிறுத்திவிட்டது. உரலிலே உலக்கை நின்றுபோச்சு. கொஞ்ச நேரம் கழித்து, “மொட்டை மாடியில கயிறு தாண்டட்டும். மைதானம் வேணாம்” என்றது.

அந்த வருஷம் அவள் கோ-கோ ஆடவில்லை. அந்த வருத்தம் எனக்கு இன்றைக்கும் உண்டு. நான் ஜெயித்துவிட்டேன் என்று இங்கே வந்து சொல்லவில்லை. ஆனால் மறுநாளிலிருந்து பூஜ்யம் நின்றது. 15, 20, 30 என்று ஏறியது. ஒரு நாள் கணக்குக்குக் கீழே, ‘எண்ணியது அப்பத்தா’ என்று எழுதியிருந்தாள். (நீண்ட கைதட்டல்)

எதிரணிக்கு ஒரே கேள்வி. அந்த நோட்டு இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அவள் ஓடுவதை நிறுத்தியது யாருக்குத் தெரிந்திருக்கும்? எனக்கே தெரிந்திருக்காதே! தினமும் வகுப்பில் அவளுக்குப் பாடம் நடத்துகிறவன் நான். உலகத்திலே நூற்றுக்கு 85 பெண் பிள்ளைகள் என்று ஒரு அறிக்கையில் படித்துவிட்டு, ஐயோ பாவம் என்று சொல்லிவிட்டு, அடுத்த பாடத்துக்குப் போயிருப்பேன்.

நடுவர் மணியைத் தொடுகிறார். ஒரே நிமிஷம் ஐயா.

என் மகனுக்கு இப்போது பன்னிரண்டு வயது. போன வருஷம் மறுபடி மலைக்கோட்டைக்குப் போனோம். நடுவிலே ரெண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கினான், ஆனாலும் உச்சிக்குப் போய்விட்டான். நான் அவனுக்குப் பின்னாலே, ஒரு பத்து நிமிஷம் கழித்துப் போய்ச் சேர்ந்தேன். எங்க அம்மாவுக்கு இப்போ முட்டி ரொம்ப முடியலை, கீழே மாணிக்க விநாயகர் சன்னதியிலே உட்கார்ந்துவிட்டாள். இந்தத் தடவை திருநீறு கொண்டுபோய்ப் பூசினது பேரன். “மேலே காத்து நல்லா வருது அப்பத்தா” என்றான்.

இப்பவும் தினமும் ராத்திரி ஒன்பது மணிக்கு நோட்டு திறக்கும். நான் வெளியூர் போனால் போனில் கேட்பான். இன்றைக்கும் இங்கே மேடை ஏறுவதற்கு முன்னாலே கூப்பிட்டான். “அப்பா, உங்க பத்தியிலே என்ன போட?” என்றான். “பட்டிமன்றம்டா, உட்கார்ந்துதான் இருக்கேன்” என்றேன். “நின்னு பேசுறது சேராதுப்பா” என்று வைத்துவிட்டான். (சிரிப்பு)

அதனாலே நடுவர் அவர்களே, தீர்ப்பு எந்தப் பக்கம் என்றாலும் கொஞ்சம் சீக்கிரம் சொல்லிவிடுங்கள். இங்கிருந்து ஸ்டேஷனுக்கு மூன்று கிலோமீட்டராம். ரயிலுக்கு இன்னும் நேரம் இருக்கிறது, நடந்தே போய்விடுவேன்.